பின்னி முடிப்பதற்குள் பேரன் வளர்ந்துவிட்டான்!

கேள்வி: பேரனுக்கு ஆசை ஆசையாக ஸ்வெட்டர் பின்னினேன், முடிப்பதற்குள் அவனுக்குச் சின்னதாகிவிட்டது. தோழிக்குக் கொடுத்ததோ முதல் துவைப்பிலேயே சுருங்கிவிட்டதாம். எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: பேரன் விஷயத்தில் தப்பே இல்லை, குழந்தை வளரத்தானே செய்யும்! எப்போதும் ஒரு அளவு பெரிதாகவே ஆரம்பியுங்கள், கை நீளமாக இருந்தால் மடித்துவிட்டால் போயிற்று. அதற்கு முன் அதே நூல், அதே ஊசியில் 10 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் பெரிதாக ஒரு சதுரம் பின்னி, துவைத்துக் காயவைத்து, 10 சென்டிமீட்டரில் எத்தனை கண்ணி (பின்னல் வளையம்) வருகிறது என்று எண்ணிப் பாருங்கள், ஸ்வெட்டருக்கு எத்தனை கண்ணி போட வேண்டும் என்பது அதில்தான் தெரியும். அலுப்பான வேலைதான், நானும் பல தடவை ஏமாற்றியிருக்கிறேன், அப்புறம் அனுபவித்தும் இருக்கிறேன்.

தோழியின் ஸ்வெட்டர் சுத்தக் கம்பளியா? சுடுதண்ணீரில் போட்டுக் கசக்கினால் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கெட்டியாகிவிடும், அதைத் திருப்பவே முடியாது. அதனால் துவைக்கும் முறையைச் சீட்டில் எழுதிக் கூடவே கொடுங்கள். மெஷினில் போடுகிறவர் என்றால் பருத்தியோ அக்ரிலிக்கோ போதும்.

கைக்குழந்தைக்கென்றால் பொத்தான், குஞ்சம், கழுத்தில் கட்டும் கயிறு எதுவும் வேண்டாம், வாயில் போகும், கழுத்தை இறுக்கும்.

சரி, அந்தச் சின்ன ஸ்வெட்டரை என்ன செய்வது? பிரித்துவிடுங்கள். நூலைச் சிட்டமாக, அதாவது பெரிய வளையமாகச் சுற்றி, நாலு இடத்தில் லேசாகக் கட்டி, தண்ணீரில் நனைத்துத் தொங்கவிட்டால் சுருள் போய்விடும். பேரனுக்கே ஒரு குல்லா தேறும்.