மூச்சும் கமாவும்

அன்புள்ள ஐயா,

அலுவலகத்தில் தினமும் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுதுகிறேன். மூச்சு விடும் இடத்தில் கமா போடு என்றுதான் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். என் மேலதிகாரி அவற்றில் பாதியை அடித்துவிடுகிறார். நான் போடாத இடங்களில் போடுகிறார். இதற்கு விதி உண்டா, அல்லது அவரவர் ரசனையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் ஆசிரியர் சொன்னது முழுப் பொய்யல்ல. பழைய கிரேக்கத்தில் வாய்விட்டு வாசிப்பவர்களுக்காக வைத்த புள்ளிகளில்தான் இதன் தொடக்கம். இன்றைய ஆங்கிலத்திலோ கமா இலக்கணத்தின் கைக்குப் போய்விட்டது.

அடிபட்டவற்றில் பல, எழுவாயை ஒட்டி விழுந்தவையாக இருக்கும். தமிழில் எழுவாய் நீண்டால் ஒரு கமா போட்டு இளைப்பாறுவோம், இதோ போன வரியில் நானே செய்ததுபோல. ஆங்கிலத்தில் எழுவாய் எவ்வளவு நீண்டாலும் வினைக்கு முன்னால் ஒற்றைக் கமா கூடாது. ‘நேற்று வந்தேன், நீங்கள் இல்லை’ என்பதும் நமக்கு உறுத்தாது. அங்கே இரண்டு முழு வாக்கியங்களை வெறும் கமாவால் ஒட்டினால் பிழை. ‘பட்’ சேர்க்க வேண்டும், அல்லது அரைப்புள்ளி.

நமக்கு உண்மையில் பிடிபடாதது வேறு. ‘மருத்துவரான என் அண்ணன்’ என்றால் எனக்கு எத்தனை அண்ணன்கள்? தமிழ் அதைச் சொல்வதில்லை. ‘மை பிரதர் ஹூ இஸ் எ டாக்டர்’ என்று கமா இல்லாமல் எழுதினால், பலரில் மருத்துவராக இருப்பவர். ‘பிரதர்’ என்பதற்குப் பின்னும் ‘டாக்டர்’ என்பதற்குப் பின்னும் கமா விழுந்தால் ஒரே சகோதரர். மருத்துவர் என்பது கூடுதல் தகவல். இந்தக் கமாக்கள் அடைப்புக்குறி மாதிரி ஜோடியாக வரும். திறந்துவிட்டு மூட மறப்பவர்களே அதிகம்.

ரசனைக்கு இடமுள்ளது பட்டியலின் கடைசி ‘அண்ட்’, ‘ஆர்’ முன்னால் வரும் கமாவில். அதிலும் வம்பு உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநில மிகைநேர ஊதியச் சட்டத்தில், அந்த ஊதியம் கிடைக்காத வேலைகளின் பட்டியல் ‘பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்’ என்று கமா இல்லாமல் இருந்தது. விநியோகம் தனி வேலையா, விநியோகத்துக்காகப் பொதிவதா? பொதியாமல் விநியோகம் மட்டும் செய்த பால் நிறுவன ஓட்டுநர்கள் வழக்குப் போட்டார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்குச் சமரசமானது.

எனக்கு நேர்ந்தது சின்ன விபத்துதான். என்னைப் பற்றிய ஆங்கிலக் குறிப்பொன்றில் ‘ஹிஸ் நாவல்’ என்று எழுதி, கமா போட்டு, ஒரு தலைப்பைக் கொடுத்திருந்தார்கள். மற்ற இரண்டு நாவல்களையும் அந்தக் கமா விழுங்கிவிட்டது.