வளவும் மரமும்: கேள்வி பதில்

கேள்வி: வளவில் இரண்டு வேம்பு தறித்தோம். கை மொத்தத்தில் இருந்த அடிக்கட்டை இரண்டு மாதத்தில் தளிர்த்துவிட்டது. அப்பப்பா காலத்துப் பெரிய மரத்தின் கட்டை அப்படியே நிற்கிறது. பெரிய மரத்துக்கு வேர் பலம் கூடத்தானே?
– வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: வேர் பலம் இருக்கிறது, தங்கச்சி. ஆனால் தளிர் வருவது பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகளில் இருந்து. மரம் கன்றாக இருக்கும்போதே உண்டாகி, தண்டு பருக்கப் பருக்க அவையும் கூடவே வளர்கின்றன. வயது ஏற ஏறப் பல செத்துப்போகும், பட்டையும் தடிக்கும்.

இதை நன்றாக அளந்து பார்த்தது அமெரிக்காவில், ஓக் என்ற மரத்தின் காடுகளில். சிறிய அடிக்கட்டைகள் பெரும்பாலும் தளிர்க்கும். விட்டமும் வயதும் கூடினால் வாய்ப்புக் குறையும். வெள்ளை ஓக் என்ற வகையில் அந்த வீழ்ச்சி சிவப்பு ஓக் வகையை விட வேகம். வேம்பு வேறு சாதி, அந்தக் கணக்கை அப்படியே இங்கு பொருத்தக் கூடாது. ஆனாலும் ஆரையம்பதியில் எங்கள் மாமி வளவில் நான் கண்டதும் இதேதான். 1978 சூறாவளியில் முறிந்த வேம்புகளில் இளசுகள்தான் மறுபடி எழும்பின.

பெரிய கட்டையை உடனே கிண்டிவிடாதீர்கள், ஒரு மாரி பாருங்கள். சின்னதில் நிலத்தோடு ஒட்டி வந்த இரண்டு தளிரை மட்டும் விடுங்கள். உச்சியில் வருவது கட்டை உக்கும்போது காற்றுக்குப் பிய்ந்துவிடும். அப்புறம், ஆடு வராமல் சுற்றி அடையுங்கள்.