தண்ணீரைக் கண்டு பயப்படும் பிள்ளைக்கு நீச்சலை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி சுருக்கமாக: மகளுக்கு 9 வயது, தண்ணீர் என்றாலே பயம். வாழப்பாடி பக்கம் இருக்கும் தாத்தா, தோட்டத்துக் கிணற்றில் சுரைப்புருடை (மிதவையாகக் கட்டும் காய்ந்த சுரைக்காய்) கட்டி இறக்கிவிட்டால் தானாகப் பழகிவிடுவாள் என்கிறார். கிணறா, சேலத்திலேயே நீச்சல் குளமா, முதலில் எதைச் சொல்லிக்கொடுப்பது?

குளத்தில் சேருங்கள். நம் பக்கத்தில் தாத்தாவின் தலைமுறையே கிணற்றில்தான் பழகியது, நன்றாகவும் நீந்துகிறார்கள், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் இங்கே கோடை விடுமுறையில் நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவன் என்ற முறையில், பயந்த பிள்ளைக்கு நான் முதலில் பழக்குவது கை கால் அடிப்பதை அல்ல, தண்ணீரில் படுத்த நிலையிலிருந்து எழுந்து நிற்பதை. கிணற்றில் அதைச் சொல்லிக்கொடுக்க வழியே இல்லை, கடைசிப் படியை விட்டதும் கால் எட்டாது.

பயம் எந்த இடத்தில் பிடிக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். குப்புற மிதக்கும் பிள்ளை மூச்சு முட்டியதும் தலையைத்தான் முதலில் தூக்கும். தலை மேலே வந்தால் கால் கீழே இறங்கும், ஆனால் உடம்புக்கு நேர் கீழே வராது, பின்னால் சாய்ந்தபடியே தரையைத் துழாவும். இடுப்பளவுத் தண்ணீர்தான், நின்றுவிட்டால் முடிந்தது, ஆனாலும் அந்த ஓரிரு நொடிக்குள் ஒரு மடக்குக் குடித்து, மூக்கில் ஏறி, இருமி, அப்புறம் அன்றைக்கு முழுக்கச் சுவரை விட்டு வராது.

எழும் முறை சின்னது. முழங்கால் இரண்டையும் நெஞ்சுக்கு இழுக்க வேண்டும், நீட்டிய கைகளால் தண்ணீரைக் கீழே அழுத்த வேண்டும், உடம்பு தானாக நிமிரும், அப்போது தலையைத் தூக்கிக் காலை ஊன்ற வேண்டும். வரிசை மாறக் கூடாது: முழங்கால், கை, தலை, கால். மல்லாக்கப் படுத்திருந்தால் தாடையை நெஞ்சில் வைத்து, நாற்காலியில் உட்காருவது போல மடங்கி, பின்னாலிருந்து கையால் தண்ணீரை முன்னுக்கு அள்ள வேண்டும். முதலில் இரண்டு கையையும் நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், அப்புறம் ஒரு கை, அப்புறம் விரல் நுனி. "இப்ப எந்திரி கண்ணு" என்று நீங்கள் சொல்லி எழுவதிலிருந்து, அவளே நினைத்தபோது எழும் நிலைக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இதற்கு முன்னால் மூச்சைப் பழக்க வேண்டும். எல்லோரும் "மூச்சைப் பிடிச்சுக்கோ" என்கிறார்கள், நான் "ஊது" என்பேன். முகத்தை முக்கி மூக்கு வழியாக மெதுவாகக் குமிழி விட்டால் தண்ணீர் உள்ளே ஏறாது, வெளியே வந்ததும் உடனே இழுக்க நெஞ்சில் இடமும் இருக்கும். வீட்டில் ஒரு குண்டான் தண்ணீரிலேயே இதைப் பழகலாம், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். குளத்திலோ முதல் நாள் படியில் உட்கார்ந்து காலை ஆட்டுவது, சுவரைப் பிடித்தபடி சுற்றி நடப்பது, இது போதும்.

எழத் தெரிந்த பிறகு மிதப்பது கஷ்டமே இல்லை. நெஞ்சு நிறையக் காற்று இருந்தால் பெரும்பாலோர் உடம்பைத் தண்ணீர் தாங்கும். அடுத்து, சுவரைக் காலால் உதைத்து அம்பு மாதிரி வழுக்கி உங்களிடம் வரச் சொல்லுங்கள், பின்னால் நகர்ந்து ஏமாற்றாதீர்கள், சொன்ன இடத்திலேயே நில்லுங்கள். அதோடு திரும்பி மறுபடி சுவரைப் பிடிக்கவும், மல்லாக்க மிதந்து மூச்சு வாங்கவும் பழக்குங்கள். கால் எட்டாத இடத்தில் தவறி விழுந்தால் அவளுக்குத் துணை இந்த இரண்டும்தான், சரியான ஃப்ரீஸ்டைல் அப்புறம் வரட்டும்.

கையில் மாட்டும் காற்றடைத்த பட்டையை நான் விரும்புவதில்லை. உடம்பை நட்டுக்குத்தலாக நிறுத்திவிடுகிறது, பிள்ளைக்கும் பெற்றோருக்கும் இல்லாத தைரியத்தைக் கொடுக்கிறது, அது உயிர்காக்கும் சாதனமும் இல்லை.

ஏற்காட்டு விடுதிக்குப் போகிறீர்கள் என்றால் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். மலைமேல் தண்ணீர் சில்லென்று இருக்கும், சட்டென்று இறங்கினால் பெரியவர்களுக்கே மூச்சு திக்கும், முகத்தை நனைத்துவிட்டுப் படி வழியாக மெதுவாக இறக்குங்கள். விடுதிக் குளம் பலவற்றில் தரை சரிவாக இருக்கும், 3 அடியில் நின்ற பிள்ளை நாலு எட்டு வைத்தால் 5 அடிக்குப் போய்விடும், அதனால் முதலில் நீங்கள் நடந்து பார்த்து எதுவரை என்று காட்டிக்கொடுங்கள். மூழ்குகிற பிள்ளை பெரும்பாலும் கத்தாது, கை தூக்கி ஆட்டாது, வாய் தண்ணீருக்கு மேலே வருகிற கொஞ்ச நேரம் மூச்சு இழுக்கவே போதாது. கரையில் போனைப் பார்த்துக்கொண்டு காதால் கவனித்தால் போதும் என்று இருக்காதீர்கள், கை எட்டும் தூரத்தில் தண்ணீருக்குள்ளேயே நில்லுங்கள்.

குளத்தில் நன்றாக நீந்த ஆரம்பித்ததும் ஆடிப்பெருக்குக்கு மேட்டூரில், பூலாம்பட்டியில் காவிரியில் இறக்கலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம், ஓடுகிற தண்ணீரில் இழுப்பு உண்டு, குழி உண்டு, தரை தெரியாது, அது வேறு பாடம்.

சேர்க்கும் முன் ஒரு வகுப்பைக் கரையில் உட்கார்ந்து பாருங்கள். அழுகிற பிள்ளையைத் தூக்கி ஆழத்தில் போடுகிறார்களா, தண்ணீருக்குள் ஒரு ஆள் இருக்கிறாரா, ஒருவருக்கு எத்தனை பிள்ளைகள். தூக்கிப் போடுகிற இடம் என்றால் கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் வேறு குளம் தேடுங்கள்.