யூஎஸ்பி வைஃபை அடாப்டரைப் பிரித்து வெளி ஆன்டெனா பொருத்தினால் உண்மையிலேயே தூரம் கூடுமா, அல்லது வீண் வேலையா?

கூடும். ஆனால் பிரிப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. அதைச் செய்தால் பாதிப் பேருக்குப் பிரிக்கும் தேவையே வராது.

"வீண் வேலையா" என்று நீங்கள் சேர்த்துக் கேட்டதுதான் என்னை எழுத வைத்தது. யாரோ உங்களிடம் "இதற்குப் போய் ஏன் மெனக்கெடுகிறாய், புதிய ரௌட்டர் வாங்கு" என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கும் சொன்னார்கள். வாங்கிவிடலாம்தான். வாங்கத் தெரியாமல் யாரும் சால்டரிங் அயர்னைக் கையில் எடுப்பதில்லை. வீட்டின் ஒரு மூலையில் ரௌட்டர், மறு மூலையில் உங்கள் மேசை, கட்டைவிரல் அளவில் ஓர் அடாப்டர், கொஞ்சம் கைத்திறன். உங்கள் நிலைமை இதுதான் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

என் வேலை அறை வீட்டுக்குப் பின்னால் தனியாக இருக்கிறது. ரௌட்டரிலிருந்து என் மேசைக்கு ஒரு நேர்கோடு போட்டால் அது கான்கிரீட் சுவரையும் தண்ணீர்த் தொட்டியையும் துளைத்துக்கொண்டுதான் வரவேண்டும். வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் தாராளமாக உறிஞ்சும். மேசையில் சிக்னல் −84 டிபிஎம் (சிக்னல் திறனின் அளவு; பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க நல்லது). இணைப்பு இருப்பதாகத் திரை சொல்லும். ஒரு பக்கமும் திறக்காது.

முதலில் நான் செய்தது அடாப்டரை ஒரு யூஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் செருகி, வீட்டைப் பார்த்த ஜன்னலுக்குக் கொண்டுபோனதுதான். அங்கிருந்து பார்த்தால் தொட்டி குறுக்கே வராது. −84 என்பது −73 ஆனது. பதினொரு டெசிபெல் என்றால் பன்னிரண்டு மடங்குக்கும் அதிகமான சிக்னல் திறன். "இதெல்லாம் ஒரு மாற்றமா, கேபிளைச் செருகியதுதானே" என்று மூக்கைச் சுளிப்பவர்கள் உண்டு. சுளிக்கட்டும். யூஎஸ்பி கேபிளில் போவது ரேடியோ அலை அல்ல, வெறும் தரவு. யூஎஸ்பி 2.0 அனுமதிக்கும் 5 மீட்டருக்குள் இருக்கும்வரை வைஃபை சிக்னலில் ஒரு துளிகூடக் குறையாது. அதே தூரத்தை ஆன்டெனாக் கம்பியால் கடக்க முயன்று பாருங்கள். ஆர்ஜி-174 என்கிற மெல்லிய கோஆக்ஸ் கேபிள் (நடுவில் ஒரு கம்பி, அதைச் சுற்றி உலோக வலை) இந்த அலைவரிசையில் மீட்டருக்கு ஏறக்குறைய 2 டெசிபெல் தின்றுவிடும். மூன்று மீட்டர் போட்டால் சிக்னலில் முக்கால் பங்கு கம்பியிலேயே காலி. நீளமான கம்பியோடு விற்கப்படும் "தூர ஆன்டெனா"க்களின் ரகசியம் இதுதான்.

கேபிளுக்கு இன்னொரு பலனும் உண்டு. யூஎஸ்பி 3.0 துளைகளும் அவற்றில் செருகிய வன்தட்டுகளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கொட்டும். இதை 2012இல் இன்டெல் நிறுவனமே ஓர் அறிக்கையாக வெளியிட்டது. அடாப்டரைக் கணினியை விட்டுத் தள்ளி வைத்தாலே காது திறந்துவிடும்.

−73இல் வேலை ஓடியது. ஆனால் எனக்குக் கை அரித்தது, அடாப்டரைப் பிரித்தேன்.

உள்ளே சர்க்யூட் போர்டின் விளிம்பில் பாம்புபோல வளைந்து ஒரு தாமிரக் கோடு ஓடும். அதுதான் ஆன்டெனா. சிப்பிலிருந்து அதற்குப் போகும் வழியில் மணல் அளவுக்கு ஒரு ரெசிஸ்டரோ கெப்பாசிட்டரோ இருக்கும். பல போர்டுகளில் அதன் பக்கத்திலேயே தொழிற்சாலைச் சோதனைக்காக விடப்பட்ட காலி இடமும் இருக்கும். அந்தத் துணுக்கைக் கழற்றித் திசைமாற்றி வைத்தால் பழைய ஆன்டெனா விலகி, பாதை காலி இடத்துக்குத் திரும்பிவிடும், புது ஆன்டெனாவின் கம்பியை அங்கே பற்றவைக்கலாம். அப்படி இடம் இல்லாத போர்டில் கோட்டைக் கத்தியால் வெட்ட வேண்டும். வெட்டாமல் அதன் மேலேயே புதுக் கம்பியைப் பற்றவைத்து, "நான் செய்து பார்த்தேன், பலனில்லை" என்று எழுதுபவர்களை என்ன சொல்வது? இரண்டு ஆன்டெனாவும் ஒன்றையொன்று இழுத்து, சிப்புக்கும் ஆன்டெனாவுக்கும் இடையே இருக்க வேண்டிய 50 ஓம் மின்பொருத்தம் கெட்டுப்போகும். அனுப்பிய திறனில் ஒரு பகுதி சிப்புக்கே திரும்பி வரும். கோஆக்ஸின் வெளிவலையையும் அருகிலேயே, போர்டின் தரைப்பகுதியில் பற்றவைக்க வேண்டும். நடுக்கம்பி மூடியில்லாமல் தெரியும் நீளம் ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

கனெக்டர் வாங்கும்போது ஒரு கவனம். ஆன்டெனா மாட்டும் திருகு கனெக்டரில் எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ என்று இரண்டு வகை, ஒன்றோடொன்று அழகாகத் திருகிக்கொள்ளும். ஆனால் உள்ளே ஊசிக்கு எதிரே ஊசியோ துளைக்கு எதிரே துளையோதான் வரும், இணைப்பு சரியாகக் கிடைக்காது. மக்கள் தாமாக வேறு ஆன்டெனா மாட்டக் கூடாது என்று அமெரிக்க விதி வேறு மாதிரியான கனெக்டர் கேட்டது. உற்பத்தியாளர்கள் ஊசியை இடம் மாற்றிக் கொடுத்தார்கள். இன்று அது எல்லா இடத்திலும் கிடைக்கிறது. விதி மட்டும் இன்னும் இருக்கிறது.

ஆன்டெனாவை நானே செய்தேன்: பைகுவாட். தாமிரக் கம்பியை இரண்டு சதுரங்களாக வளைக்க வேண்டும், ஒவ்வொரு பக்கமும் 31 மி.மீ. பின்னால் 123 மி.மீ. சதுரத் தகடு, இடைவெளி 15 மி.மீ. வைஃபையின் ஆறாவது சேனலின் அலைநீளம் 123 மி.மீ., அதில் கால் பங்குதான் அந்த 31. இதன் ஈட்டம், அதாவது ஒரு திசையில் சிக்னலைக் குவிக்கும் திறன், சுமார் 10 டிபிஐ (அந்தக் குவிப்பை டெசிபெல்லில் சொல்லும் அளவு). போர்டுக் கோடு தருவது 2 என்று வைத்தால் 8 டெசிபெல் கூட வேண்டும். எனக்கு 7 கூடியது, −66. மீதி ஒன்று கம்பியிலும் கனெக்டரிலும் போனது. கணக்கும் கருவியும் இவ்வளவு நெருங்கி வந்ததில் எனக்கு இன்றும் பெருமைதான், தற்பெருமை என்றாலும் பரவாயில்லை. இந்த ஆன்டெனா முன்னால் இருப்பதைத்தான் நன்றாகக் கேட்கும் என்பதால், பக்கத்து ரௌட்டர்களின் இரைச்சல் பக்கவாட்டில் அடங்கியது கூடுதல் லாபம்.

பிரிங்கிள்ஸ் சிப்ஸ் வரும் குழாய் டப்பாவில் செய்யும் ஆன்டெனாவைப் பலர் சிபாரிசு செய்வார்கள். அந்தக் குழாயின் விட்டம் சுமார் 73 மி.மீ. அந்த விட்டத்தில் 2.41 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே அலை உள்ளே ஓடவே ஓடாது. வைஃபை தொடங்குவதே அந்த வாசலில்தான். 83 முதல் 92 மி.மீ. வரை விட்டமுள்ள தகர டப்பாவாகத் தேடுங்கள்.

ஜன்னலில் அந்தத் தகட்டைப் பார்த்ததிலிருந்து உறவினர்களிடம் எனக்கு ஒரு பட்டம் கிடைத்துவிட்டது. ஆளாளுக்குப் பிரிண்டரைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். பிரிண்டருக்கும் ரேடியோ அலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், "நீதானே எல்லாவற்றையும் பிரிப்பாய்!" என்கிறார்கள். மைக்குப்பியில் ஒரு சிப்பை வைத்து, உள்ளே மை இருக்கும்போதே தீர்ந்துவிட்டது என்று சொல்லவைக்கும் கருவியை நான் எங்கே போய்ச் சரிசெய்வது? கேட்டுவிட்டுப் போனவர்கள் பிரிண்டரை மட்டும் விட்டுவிட்டுப் போகிறார்கள்.

போகட்டும். இதைப் படித்ததும் சிலர் கிளம்புவார்கள்: அடுத்த வீட்டு வைஃபையைத் திருடக் கற்றுக்கொடுக்கிறான் என்று. என் ரௌட்டர், என் பின்கட்டு. அடுத்தது, சட்டம். ஐரோப்பாவில் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஆன்டெனா ஈட்டத்தையும் சேர்த்து 100 மில்லிவாட் தான் எல்லை. எனவே ஆன்டெனா பெரிதானால் அனுப்பும் திறனைக் குறைக்க வேண்டும். உங்கள் நாட்டின் எல்லையைப் பார்த்துக்கொள்ளுங்கள். குறைத்தாலும் நஷ்டம் குறைவு, ஏனென்றால் அந்த எல்லை அனுப்புவதற்குத்தான், கேட்பதற்கு அல்ல.

இதனால்தான் ஆம்ப்ளிஃபையர் வாங்குகிறேன், அடாப்டர் அமைப்பில் உள்ள நாட்டுக் குறியை (எந்த நாட்டின் திறன் எல்லை பொருந்தும் என்று சொல்வது) மாற்றித் திறனைக் கூட்டுகிறேன் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. உங்கள் அடாப்டர் எவ்வளவு கத்தினாலும் ரௌட்டர் பேசுவது உங்கள் காதில் விழாது. ஆன்டெனா இரண்டு திசைக்கும் உதவும். 2007இல் வெனிசுவேலாவில் எர்மானோ பியெட்ரோசெமோலி என்ற வயர்லெஸ் வல்லுநரின் குழுவினர் 382 கிலோமீட்டர் தூரம் வைஃபை இணைப்பை எட்டினார்கள். அவர்கள் தேடிப் போனது உயரமான இடத்தையும் நல்ல டிஷ் ஆன்டெனாவையும்தான்.

உங்கள் அடாப்டரில் இரண்டு ஆன்டெனாக் கோடுகள் இருந்தால் இரண்டுக்கும் கம்பி எடுங்கள். ஒன்றுக்கு மட்டும் எடுத்தால் வேகம் குறையலாம். 5 கிகாஹெர்ட்ஸ் என்றால் மேலே சொன்ன அளவு எதுவும் பொருந்தாது. அங்கே கால் அலைநீளம் 14 மி.மீ.யைச் சுற்றித்தான் இருக்கும். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் தெரியும், என் குறடும் அளவுகோலும் அதற்குப் போதாது.