எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்த அன்றே தாதியர் ஏன் நடக்கச் சொல்கிறார்கள்?

அக்காவுக்கு ஸ்லீவ் முறையில் இரைப்பையைக் குறைத்த அன்று மாலையே தாதியர் எழுப்பி நடக்கவைத்தது கொடுமையாகத் தோன்றியதாக எழுதியிருக்கிறீர்கள். காலில் ரத்தம் உறைந்து நுரையீரலை அடைப்பது இந்தச் சிகிச்சையின் பெரிய ஆபத்துகளில் ஒன்று. அதைத் தடுக்கத்தான் நடை. கெண்டைக்காலை அழுத்தும் காற்றுப்பை உறையும், வயிற்றுத் தோலில் போடும் ஊசியும் அதற்கே.

தோள்பட்டை வலி பெரும்பாலும் அறுவையின்போது வயிற்றுக்குள் செலுத்திய கரியமில வாயுவால் வருவது. சில நாளில் அடங்கும்.

தண்ணீர் விஷயத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். 30 மில்லி கிண்ணம் ஒரே மடக்குக்கு அல்ல, 15 நிமிடம் வைத்துச் சிறுகச் சிறுக உறிஞ்ச வேண்டும். அவசரப்பட்டால் நெஞ்சை அடைக்கும், குமட்டும். தாதியைக் கேட்காமல் வீட்டு ரசத்தைக் கொடுக்காதீர்கள், வடிகட்டியதாக இருந்தாலும்.

நாடித்துடிப்பு 120ஐத் தாண்டி நீடித்தாலோ, காய்ச்சலோடு வயிற்று வலி கூடினாலோ, மூச்சு வாங்கினாலோ உடனே மணியை அழுத்துங்கள். இரைப்பைத் தையலில் கசிவு இருக்கலாம். ஆங்கிலத்தில் வலியைச் சொல்ல வரவில்லையா? தமிழ் பேசும் தாதியைக் கேளுங்கள். எரிச்சல் வேறு, பிசைவது வேறு, குத்துவது வேறு. அந்த வித்தியாசம் மருத்துவருக்குப் போய்ச்சேர வேண்டும்.

வீடு திரும்பியதும் வலிக்கு இபுப்ரோஃபென் வகை மாத்திரைகளை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், இரைப்பையில் புண் வரும்.