ஸ்கொட்லாந்தின் கிளைட் ஆற்றங்கரையில் வேலைக்கு வந்திருக்கும் திருகோணமலைத் தம்பிக்கு

தம்பி, ஒப்பந்த நிறுவனமொன்றின் மூலம் கிளாஸ்கோவுக்கு அருகே கப்பல் தளமொன்றில் வெல்டராகச் சேர்ந்திருப்பதாகவும், பழைய தொழிலாளர்கள் முகங்கொடுத்துப் பேசுவதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். தொழிற்சங்கத்தில் சேர்ந்தால் விசாவுக்குப் பாதகமா என்றும் கேட்டிருந்தீர்கள். பாதகமில்லை, தயங்காமல் சேருங்கள். அவர்களுடைய முகத்திருப்பலுக்கு நிறமும் காரணமாக இருக்கலாம், அப்படிப்பட்டவர்களும் இங்கே உண்டு. ஆனால் நான் கண்டவரையில் பெரும்பாலும் அது பயம்.

கப்பல் தண்ணீரில் இறங்கி வேலை முடிந்ததும் அதைக் கட்டியவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவது இக்கரையில் நெடுங்கால வழக்கமாக இருந்தது. அடுத்த கப்பல் எப்போது வரும் என்று தெரியாதவன் தன் கைவேலையை மற்றவன் தொட விடமாட்டான். அதனால்தான் ஒரு துளையை எந்தத் தொழில் செய்பவர் போடுவது என்பதற்கெல்லாம் வேலைநிறுத்தம் நடந்தது. அதைச் சோம்பல் என்று ஏசியவர்கள், ஜப்பான் புதிய முறைகளில் விரைவாகக் கட்டத் தொடங்கிய பிறகும் பழைய இயந்திரங்களை மாற்றப் பணம் போடாத முதலாளிகளை அவ்வளவாக ஏசவில்லை.

1971 இல் இக்கரையில் கப்பல் கட்டிவந்த அப்பர் கிளைட் ஷிப்பில்டர்ஸ் நிறுவனம் முறிந்தபோது, தொழிற்சங்கப் பிரதிநிதி ஜிம்மி ரீட் முதலானோரின் தலைமையில் தொழிலாளர்கள் வெளியேறாமல் தளத்துக்குள்ளேயே இருந்து, கையிலிருந்த கப்பல்களைத் தொடர்ந்து கட்டினார்கள். குடியும் ரகளையும் கூடாது என்பது ரீட் விதித்த கட்டுப்பாடு. 1972 பெப்ரவரியில் பிரதமர் ஹீத்தின் அரசாங்கம் இறங்கிவந்து 35 மில்லியன் பவுண் ஒதுக்கியது. ஆனாலும் அந்த நிறுவனத்தின் தளங்களில் ஒன்றான கிளைட்பேங்கில் பிறகு கட்டப்பட்டவை எண்ணெய் அகழும் மேடைகளே. 2001 இல் அதுவும் மூடப்பட்டது. 1957 இல் ஆங்கிலேயக் கடற்படை நம்மூரை விட்டுப் போனபோது டொக்யாட் (கடற்படைக் கப்பல் தளம்) வேலையை நம்பியிருந்த வீடுகள் பட்ட பாட்டை நம் பெரியவர்கள் சொல்வதுபோல, இங்கே தகப்பன் கதையாகவும் பாட்டன் கதையாகவும் இதைச் சொல்வார்கள்.

இந்த நிலையில் ஒப்பந்தத்தில் வருபவரைக் கண்டால், தங்கள் கூலியைக் குறைக்க நிறுவனம் கொண்டுவந்த ஆள் என்றே நினைக்கிறார்கள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது சங்கப் பிரதிநிதி என் பெயரைக் கேட்பதற்கு முன் மணிக்கு எவ்வளவு தருகிறார்கள் என்றுதான் கேட்டார். சம்பளச் சீட்டைக் காட்டியதும் தன்னுடையதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தார். நீங்களும் மறைக்காமல் காட்டுங்கள். உங்கள் விசா வேலை தருபவரோடு கட்டப்பட்டது என்பதால், வேலை போனால் வேறிடம் தேடப் பொதுவாக 60 நாள்தான் கிடைக்கும். ஆகவே இப்போதைய கப்பல் எந்த மாதம் முடிகிறது, அதன்பின் உங்களுக்கு வேலை உண்டா என்பதை நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.