உப்புநீர்த் தொட்டியில் பாசித் தொல்லை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

தொட்டி வைத்து மூன்று வாரம்தான் ஆகிறது. மணலிலும் கண்ணாடியிலும் பழுப்புப் பொடி தூவியது போல் படிந்திருக்கிறது. எல்லாவற்றையும் கழுவிவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கட்டுமா?

வேண்டாம். இது டயட்டம். புதுத் தொட்டிகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தைத் தாண்டித்தான் வருகின்றன. தண்ணீரில் உள்ள சிலிகேட்டை எடுத்து ஓடு கட்டிக்கொள்ளும் நுண்ணுயிர் இது. சிலிகேட் தீர்ந்தால் சில வாரங்களில் தானே அடங்கிவிடும். அதுவரை கண்ணாடியை மட்டும் துடைத்து வாருங்கள்.

ஆவியான அளவுக்கு ஈடாகக் குழாய்த் தண்ணீர் ஊற்றுகிறீர்களா? அப்படியானால் இன்றே நிறுத்துங்கள். ஆவியாகிப் போவது வெறும் தண்ணீர். குழாய்த் தண்ணீரோடு வந்த சிலிகேட்டும் பாஸ்பேட்டும் தொட்டியிலேயே தங்கி, ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் கூடிக்கொண்டே போகும். ஆர்ஓ, டிஐ (அயனி நீக்கம்) இரண்டும் சேர்ந்த வடிகட்டியிலிருந்து வரும், கரைந்த உப்புகளை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் 0 காட்டும் தண்ணீரையே ஊற்றுங்கள்.

பாறை முழுக்கப் பச்சை முடிப்பாசி. ஆனால் சோதித்தால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் 0. சத்தே இல்லாமல் எப்படி வளர்கிறது?

சத்து இருக்கிறது. பாசியின் வயிற்றில் இருக்கிறது. சோதனைக் குப்பியில் நீங்கள் பார்ப்பது பாசி தின்றது போக மிஞ்சியதை. சுண்ணாம்புப் பாறையும் மணலும் பாஸ்பேட்டை உறிஞ்சி வைத்துக்கொண்டு, தண்ணீரில் அளவு குறையக் குறையக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். அதனால் ஒரு தடவை தண்ணீர் மாற்றிவிட்டு ஒன்றும் நடக்கவில்லையே என்று சோர்ந்துபோகாதீர்கள். இது மாதக்கணக்கு வேலை.

முதல் வேலை கையால் பிடுங்குவது. மருந்து தேடி அலைகிற பலர் இதைச் செய்வதே இல்லை, எனக்கு அதில் மிகுந்த வருத்தம். பிடுங்கி வெளியே எறிகிற ஒவ்வொரு கொத்தோடும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தொட்டியை விட்டுப் போகின்றன. ஒரு நாளைக்கு ஒரு பாறை போதும். தொட்டித் தண்ணீர் எடுத்த வாளியில் பாறையை வைத்து, வேர்ப்பிடிப்போடு பிடுங்கி, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, இன்னொரு வாளியில் அலசிய பிறகு திருப்பி வையுங்கள். தொட்டிக்குள்ளேயே தேய்த்தால் துண்டுகள் பறந்து எல்லா மூலையிலும் வேர்விடும். பிடுங்கிய கொத்தை விரல்களுக்கிடையில் விரித்துப் பாருங்கள்; அடியிலிருந்து பழுப்பு வண்டல் உதிரும். தின்னாமல் விட்ட தீனியும் மீன் கழிவும்தான் அது. அந்த வண்டல் தேங்கும் இடங்களைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுங்கள். உறைந்த தீனியை உருகவிட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: பாறையில் சோவாந்திட் பவளங்கள் இருந்தால் கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் தேய்க்காதீர்கள். அவற்றில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் நஞ்சு உண்டு. அந்தப் பாறையைக் கொதிநீரில் போடவே கூடாது. ஆவியே ஆளைச் சாய்த்துவிடும்.

நத்தைகள் விட்டேன். மற்றப் பாசியைத் தின்கின்றன, ஒரு வகையை மட்டும் தொடவே இல்லை.

ஓர் இழையைப் பிடுங்கி லென்ஸில் பாருங்கள். நடுத்தண்டின் இருபுறமும் பறவை இறகு போலக் கிளைத்திருந்தால் அது பிரையாப்சிஸ். நத்தைகள் இதைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடும். ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி இதற்கு நன்றாகவே கேட்கிறது. மருந்து போடும் நாட்களில் வடிகட்டியில் உள்ள கார்பனை (உறிஞ்சும் கரியை) எடுத்துவிடுங்கள், மருந்தையும் அது உறிஞ்சிவிடும். சாகிற பாசி தான் தின்றதையெல்லாம் தண்ணீரில் கக்கும், ஆகவே முடிந்தவரை பிடுங்கிய பிறகே மருந்து. செம்பு கலந்த பாசிக்கொல்லியை மட்டும் வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள். நத்தை, இறால், பவளம் எதுவும் மிஞ்சாது.

மணல்மேல் கருஞ்சிவப்பாய் வழுவழுப்பான போர்வை.

சயனோபாக்டீரியா. பெயரிலேயே இருக்கிறது, இது பாக்டீரியா. மெல்லிய குழாயை வைத்தால் பாய்போலச் சுருண்டு வரும், உறிஞ்சி எடுங்கள். நீரோட்டம் எட்டாத மூலையில்தான் பெரும்பாலும் படரும், நீரோட்டம் தரும் பம்பான பவர்ஹெட்டை அந்தப் பக்கம் திருப்பி வையுங்கள். எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கடைசிக் கட்டத்துக்கு.

பாஸ்பேட் நீக்கி போட்டு எல்லாவற்றையும் 0 ஆக்கினேன். இப்போது பழுப்பு நிறத்தில் சளி போல இழை இழையாக, நுனியில் குமிழோடு தொங்குகிறது. நத்தைகள் சாகின்றன.

டைனோஃப்ளாஜெல்லேட் (சுருக்கமாக டைனோ) என்ற ஒருசெல் நுண்ணுயிராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். கொஞ்சம் இழையைத் தொட்டித் தண்ணீரோடு புட்டியில் போட்டு, இழை கரையும்வரை நன்றாகக் குலுக்கி, காபி வடிதாளில் வடிகட்டுங்கள். வடிந்த தண்ணீரை விளக்கடியில் வைத்தால் ஒரு மணி நேரத்துக்குள் மறுபடி இழை கூடும். கூடினால் பெரும்பாலும் டைனோதான்.

இங்கே வைத்தியம் தலைகீழ். பாஸ்பேட் நீக்கியை எடுத்துவிடுங்கள், தண்ணீர் மாற்றுவதைத் தள்ளிப்போடுங்கள், நைட்ரேட்டை 5 பிபிஎம்முக்கும் பாஸ்பேட்டை 0.05 பிபிஎம்முக்கும் மேலே கொண்டுவாருங்கள். சத்து வறண்ட தொட்டியில் போட்டியாளர்கள் பட்டினி கிடக்க, டைனோவுக்குக் கொண்டாட்டம். டைனோ விடும் நஞ்சை உறிஞ்சக் கார்பன் போடுங்கள். மைக்ரோஸ்கோப் கிடைத்தால் வகையையும் பார்த்துவிடுங்கள்: ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் தண்ணீரில் மிதக்கும், அதனால் தொட்டியிலிருந்து நேரே தண்ணீர் இழுக்கும் யுவி (புற ஊதா) விளக்கு அதைக் கொல்லும். ஆம்ஃபிடினியம் மணலிலேயே கிடக்கும், யுவி பலிக்காது.

பச்சைக் கண்ணாடிக் கோலி போலப் பாறையில் முளைத்திருக்கிறது. உடைக்கலாமா?

உடைக்க வேண்டாம். குமிழ்ப்பாசி அது. பாறையை வெளியே எடுத்து, நகத்தாலோ மழுங்கிய கத்தியாலோ அடியிலிருந்து முழுதாக நெம்பி எடுங்கள். கை எட்டாத இண்டுகளுக்கு, இதைத் தின்னும் எமரால்டு நண்டு ஒன்றை விடுங்கள்.